வாயில் ஐஸ், கையில் பட்டன்

மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறத் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே நர்ஸ் ஒரு கப் நிறைய நொறுக்கிய ஐஸைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். மருந்து ஏறி முடிந்த பிறகும் அரை மணி நேரம் வாயில் ஐஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கினால் வாய்க்கு வரும் மருந்து குறையும், அதனால் வாய்ப்புண்ணும் குறையும். மெல்ஃபலான் ரத்தத்தில் அதிக நேரம் தங்காது, அதனால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

எனக்கு இடது கடைவாய்ப் பல் கூசும். ஐஸை வலது பக்கமே ஒதுக்கிவைத்திருந்தேன். மகள் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, மிச்சத்தை வாஷ்பேசினில் துப்பிவிட்டேன்.

கீமோவுக்குப் பிறகு, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல் ஏற்றி ஐந்து நாள் வரை ஒன்றுமில்லை. இவ்வளவுதானா என்று பீற்றிக்கொண்டேன். ஆறாம் நாள் எச்சில் பசை மாதிரி ஆனது. ஏழாம் நாள் நாக்கு வீங்கி, ஓரமெல்லாம் பல் தடம். அப்புறம் புண். இடது பக்கம்தான் அதிகம். அது ஐஸ் படாததாலா என்று கேட்டால், எனக்கு அப்படித்தான் படுகிறது.

தினமும் காலையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். திட உணவு இறங்காமல் நீராகாரம் மட்டும் என்றால் மூன்றாம் கிரேடு, வாய்வழியாக எதுவுமே முடியாது என்றால் நான்கு. நான் மூன்று.

மார்ஃபின் பம்பை மாட்டிவிட்டார்கள். வலித்தால் பட்டனை அழுத்த வேண்டியதுதான். பழக்கமாகிவிடுமோ என்ற பயத்தில் ஒன்றரை நாள் தொடவே இல்லை. வீராப்பு வேறு. இதற்கிடையில், உப்பும் சமையல் சோடாவும் கால் கால் ஸ்பூன் கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வாய் கொப்பளிப்பதையும் விட்டுவிட்டேன். மென்மையான பிரஷ்கூட முள்ளாகக் குத்தியது.

டாக்டர் கோபப்படவில்லை. "வலியை நீங்க தாங்கிக்குவீங்க சார். ஆனா கொப்பளிக்கறதை நிறுத்திட்டீங்களே, அதுதான் எனக்குக் கவலை" என்றார். வெள்ளணு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும்போது வாய்ப்புண் என்பது கிருமி ரத்தத்துக்குள் போகத் திறந்துவைத்த கதவு. வலி குறைந்தால்தான் கொப்பளிக்க முடியும், பூஞ்சை வெள்ளையாகப் படிந்தாலும் கண்ணில் படும். குறித்த இடைவெளிக்குள் எத்தனை முறை அழுத்தினாலும் பம்ப் கூடுதலாகக் கொடுக்காது என்பதையும் அன்றுதான் காதில் வாங்கிக்கொண்டேன். அழுத்தினேன். பத்து நிமிடம் கழித்துக் கொப்பளித்தேன்.

பன்னிரண்டாம் நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அடுத்த மூன்று நாளில் கன்னத்தின் உட்புறம் வழவழவென்று புதுத் தோல். ருசி மட்டும் நிதானமாக, பல வாரம் கழித்துத்தான் வந்தது.

ஐஸைத் துப்பிய விஷயம் மகளுக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்துவிட்டுப் போன் செய்வாள்.