மெலட்டூரில் பிரகலாதனைப் பார்த்த இரவு

நரசிம்ம ஜெயந்திக்கு மெலட்டூர் போவதென்றால் அன்றைய தூக்கத்தை மறந்துவிட வேண்டும். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றியதாகச் சொல்லப்படும் ஊர் இது. வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே மேடை போட்டு, மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை விடிய விடிய ஆடுகிறார்கள். பாகவத மேளா என்று பெயர். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். நரசிம்மரின் முகம் பூஜையில் இருப்பது. அதை அணிகிறவர் அன்று உபவாசம்.

என்னுடன் வந்த நண்பர் கொழும்பில் பிறந்தவர். இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய 1983 ஜூலைக் கலவரத்தில் அவருக்குப் பதினான்கு வயது. வீடு எரிந்து, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போன குடும்பம். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. "கும்பிட்டுக்கொண்டு இருந்த வீட்டைத்தானே கொளுத்தினவங்கள்" என்பார். இப்போது போகிறார். ஆனால் எதுவும் வேண்டிக்கொள்வதில்லை, சும்மா நிற்பதோடு சரி.

மேடையில் பிரகலாதனாக வந்த பையனுக்குப் பத்து வயது இருக்கலாம். வியர்வையில் கண் மை கன்னம் வரை இறங்கியிருந்தது, அவன் துடைக்கவே இல்லை. இரணியன் உறுமும்போது கூட்டத்தில் இருந்த குழந்தைகள் அம்மா மடியில் ஒளிந்தன. அவன் மட்டும் கைகூப்பியபடி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தாய் லீலாவதி மகனை அணைத்துக்கொண்டு புலம்பும் இடத்தில், தெலுங்கு புரியாத எனக்கும் தொண்டை அடைத்தது. விடியும் நேரத்தில் நரசிம்மர் வந்தார். ஆவேசம் ஏறிய அவரைச் சுற்றி நின்று பலர் பிடித்துக்கொண்டார்கள். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உபன்யாசங்களில் பெரும்பாலும் தூண் பிளப்பதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை. யானை, பாம்பு, விஷம், நெருப்பு, மலை உச்சி என்று பெற்ற தகப்பனே கொல்லப் பார்த்த ஒரு பிள்ளை அதற்குப் பிறகு என்ன ஆனான் என்பதை பாகவதம் ஏழாம் ஸ்கந்தம் நிதானமாகச் சொல்கிறது. கோபம் தணியாத நரசிம்மரின் கிட்டே போகத் தேவர்கள் நடுங்குகிறார்கள், மகாலட்சுமியே தயங்குகிறாள். பிரம்மா இவனை அனுப்புகிறார். இந்தப் பல்லுக்கும் நகத்துக்கும் நான் பயப்படவில்லை, சம்சாரத்துக்குத்தான் பயப்படுகிறேன் என்கிறான். வரம் கேள் என்றால், கூலி கேட்கிறவன் அடியவன் இல்லை, வியாபாரி என்கிறான். என் மனசில் ஆசையே முளைக்கக்கூடாது என்று வேண்டிவிட்டு, அப்புறம் அப்பாவுக்காகக் கேட்கிறான். அவர் பாவம் தீரவேண்டும் என்று. உன்னால் இருபத்தோரு தலைமுறையும் புனிதமாயிற்று என்கிறார் பகவான்.

அடிபட்ட பிள்ளை அடிக்கிறவனாகவே வளர்வதை நாம் எத்தனை வீட்டில் பார்க்கிறோம்! இவன் உடம்பு பிழைத்ததைவிட, இரணியனின் வெறுப்பு இவனுக்குள் ஒரு துளியும் ஒட்டாமல் போனதே பெரிய அற்புதம் என்று நான் நம்புகிறேன்.

டீக்கடையில் இதை நண்பரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். "சாமி வந்தது எனக்குப் பெரிசில்லை, தம்பி. அந்தப் பொடியன் தகப்பனுக்காகக் கேட்டான் பாருங்கோ, அதுதான் என்னால இன்னும் ஏலாமல் கிடக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி?

குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டோடு நின்ற அவரிடம் பட்டர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அவர் ஒரு சிங்களப் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் தெரியாது என்றார். "பரவாயில்லை, பேர் போதும்" என்று பட்டர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பக்கத்து வீட்டு அம்மாளாம். அந்த ராத்திரி இவர்களைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைத்துவிட்டு, வந்தவர்களிடம் இங்கே யாரும் இல்லை என்று வாசலில் நின்று சொன்னவள்.

"கொளுத்தினவங்களுக்காகக் கேக்க இன்னும் மனம் வரேல்லை. இந்த மனுசிக்காகக் கேக்கலாம்தானே?" என்றார்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு சந்நிதியில் வாய் திறந்து கேட்டது அதுதான்.