ஒரு கிளியரன்ஸ் லெட்டருக்காக

வேலை நிமித்தம் வேறு நாட்டுக்குக் குடிபோனதும் நான் முதலில் தேடியது ஒரு பேஸ்கட்பால் கிளப்பைத்தான். இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். லீக் தொடங்கவிருந்த நேரத்தில் மேனேஜர், "கிளியரன்ஸ் லெட்டர் வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதுவரை ஃபிபா (FIBA), அதாவது சர்வதேச பேஸ்கட்பால் சம்மேளனம், என்றால் எனக்கு உலகக் கோப்பையும் 6.75 மீட்டர் த்ரீ பாயிண்ட் கோடும்தான். ஒரு நாட்டில் லைசென்ஸ் பெற்று ஆடியவர் இன்னொரு நாட்டில் களமிறங்க, பழைய நாட்டின் சம்மேளனம் தடையில்லை என்று எழுதித் தர வேண்டும். அதுதான் கிளியரன்ஸ் லெட்டர். இது ஃபிபாவின் விதி. கேட்க வேண்டியதும் நானல்ல, புதிய சம்மேளனம். பதில் தர ஏழு நாள் அவகாசம்.

ஆறாம் நாள் மறுப்பு வந்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த செலவைக் கட்டினால்தான் விடுவோம் என்று என் பழைய கிளப் சொல்லியிருந்தது. அன்றிரவு தூக்கமே வரவில்லை. எனக்கு லே-அப் போடச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். பணத்தைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் மேனேஜர் ஃபிபா விதிநூலைத் திறந்து ஒரே ஒரு வரியைக் காட்டினார். மாறப்போகும் தேதிக்குப் பிறகும் பழைய கிளப்போடு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். பாக்கி, மனக்கசப்பு எதுவும் காரணமாகாது. என் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கையெழுத்துக்கு மேலே முடியும் தேதி இருந்தது. அது கழிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, விதியையும் சுட்டி, மறுபடியும் மறுத்தால் ஃபிபாவிடம் போவோம் என்று எங்கள் சம்மேளனம் எழுதியது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தின் நகலை ஒருபோதும் தொலைக்காதீர்கள்.

எங்கள் அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவனும் வெளிநாட்டிலிருந்து வந்தவன். பதினெட்டு நிறையாதவர்களுக்கு நாடுவிட்டு நாடு மாறப் பொதுவாக அனுமதி கிடையாது. விதிவிலக்கை ஃபிபாதான் தர வேண்டும். சிறுவர்களைக் கடத்திக்கொண்டுபோய் ஆடவைக்கும் ஆட்களை நினைத்தால், அந்தக் கண்டிப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. பெற்றோரின் வேலை மாற்றத்துக்கான தாள்களோடு அவன் இன்னும் காத்திருக்கிறான். பயிற்சிக்கு மட்டும் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுகிறான்.