ஜி.ஆர்.ஈ. இரண்டாம் தரம்: விசுவமடுவில் இருந்து படித்தது

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குக் கேட்கும் ஜி.ஆர்.ஈ. பரீட்சையை முதல் தரம் எழுதப் போனபோது, காசு கொடுத்து வாங்கின நோட்ஸ் பழசு என்று எனக்குப் பரீட்சை மண்டபத்தில்தான் தெரிந்தது. நடுவில் பத்து நிமிட இடைவேளை வரும், முகம் கழுவிவிட்டு வரலாம் என்று இருந்தேன். இடைவேளையும் இல்லை, மாதக்கணக்காக எழுதிப் பழகின, ஒருவரின் வாதத்தை அலசும் 'ஆர்கியுமென்ற்' கட்டுரையும் இல்லை. இரண்டையும் 2023 செப்ரெம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். மூன்றே முக்கால் மணித்தியாலப் பரீட்சை இப்போது 1 மணி 58 நிமிடம்தான். ஒன்லைனில் வகுப்பு எடுத்தவருக்கு இதை எழுதிக் கேட்டேன். "பேசிக்ஸ் ஒண்டுதானே தங்கச்சி" என்று பதில் வந்தது. ஆகவே முதல் புத்திமதி: யாருடைய நோட்ஸ் என்றாலும் முதல் பக்கத்தில் நேர அட்டவணையைப் பாருங்கோ. கணக்கு 12 கேள்வி 21 நிமிடம், பிறகு 15 கேள்வி 26 நிமிடம். வேர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) 12 கேள்வி 18 நிமிடம், பிறகு 15 கேள்வி 23 நிமிடம். கட்டுரை ஒன்று, 30 நிமிடம். இதற்கு மாறாக இருந்தால் காசு கொடுக்காதேங்கோ.

இரண்டாம் தரத்துக்கு வகுப்பே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு தரத்துக்கும் இடையில் 21 நாள் கழிந்தால் போதும் என்பது விதி. நான் காலபோக அறுவடை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் படிக்க முடியாது.

புதுப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. பரீட்சையை நடத்தும் ஈ.ரி.எஸ். நிறுவனம் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரிப் பரீட்சையைச் செய்து, பிழைத்த கேள்விகளை ஒரு கொப்பியில் மூன்றாகப் பிரித்தேன்: தெரியாதது, தெரிந்தும் நேரம் போனது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. நடுவில் உள்ள 'நேரம் போனது' பக்கம்தான் நிரம்பி வழிந்தது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் முடித்த எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. படிக்குப் படி புள்ளி கிடைக்கும் என்று வளர்த்துவிட்டார்கள். தரவு, நிறுவல், ஆகவே என்று கை தானாக எழுதிக்கொண்டு போகும். இந்தப் பரீட்சையில் அந்தப் படிகளை எவரும் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம், விடை மட்டும்தான் கணக்கு.

அதிலும் இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகள் பொல்லாதவை. ஒரு பக்கம் ஓர் எண்ணின் வர்க்கம், மறுபக்கம் அதே எண். எது பெரிது? 2 போட்டால் வர்க்கம் பெரிது, அரை போட்டால் எண் பெரிது. 'தீர்மானிக்க முடியாது' என்று குத்திவிட்டுப் போக வேண்டியதுதான். நானோ முதல் தரம் சமன்பாடு எழுதித் தீர்த்துக்கொண்டிருந்தேன். இப்படியான கேள்வி வந்தால் பூச்சியம், மறை எண், பின்னம் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேனையைத் தொடுவது என்று பழக்கப்படுத்தினேன். இது ஒன்றே பாதி நேரத்தை மிச்சம் பிடித்துத் தந்தது.

'ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம்' என்கிற திட்டமெல்லாம் கொழும்பில் தனி அறை உள்ளவர்களுக்கு. எங்கள் வீட்டில் கரண்டும் போகும், ஆட்களும் வருவார்கள். கட்டுரையை விட்டால் ஒரு பகுதிக்கு 26 நிமிடத்துக்கு மேல் இல்லை என்பதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். விடியப்புறம் ஒரு பகுதி, பின்னேரம் ஒன்று, போனில் நேரம் வைத்து. அந்த நேரத்துக்குள் அம்மா கூப்பிட்டாலும் எழும்புவதில்லை. பேச்சு வாங்கினேன்தான்.

வேர்பலுக்குச் சொற்பட்டியல் மனனம் பண்ணுவதைக் குறைத்து, கீறிட்ட இடம் நிரப்பும் கேள்விகளில் விடைகளைக் கையால் மறைத்துவிட்டு என் சொல்லை முதலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று இடைவெளி உள்ள கேள்வியில் ஒன்று பிழைத்தாலும் புள்ளி இல்லை. ஆனால் பிழைக்குப் புள்ளி வெட்டுவதும் இல்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதேங்கோ. முதல் பகுதியை எப்படிச் செய்கிறோமோ அதைப் பார்த்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். அதனால் முதல் பகுதியில் விளையாட்டு வேண்டாம்.

வீட்டிலிருந்தே எழுதலாமே என்று பலர் சொன்னார்கள். கதவு பூட்டின தனி அறை வேண்டும், ஒருவரும் உள்ளே வரக்கூடாது, காதுக் கருவி கூடாது, சாதாரணக் கடதாசி கூடாது. மூன்று பேர் படுக்கும் அறையில் இது நடக்காது. கொழும்பு நிலையத்தையே பதிந்தேன்.

பதிவு ஐந்து நிமிட வேலை, காசு கட்டுவதுதான் வதை. கட்டணம் 220 அமெரிக்க டொலர், என் வங்கி அட்டை வெளிநாட்டுக்கு வேலை செய்யவில்லை. பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனால், "உது இஞ்ச செய்யேலாது தங்கச்சி, ஹெட் ஒபிசிலைதான் கேக்கவேணும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அடுத்த கிழமை வேறொருவர் இருந்தார். படிவம் ஒன்றை நீட்டினார், கையெழுத்து வைத்தேன், பின்னேரமே அட்டை வேலை செய்தது. முடியாது என்று சொன்னால் வேறு கவுண்டருக்குப் போங்கோ.

இன்னொன்று, பெயர். பதிவில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கிப் பழகின எங்கள் ஆட்கள் இதில்தான் மாட்டுவது.

இந்தத் தரம் இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போகவில்லை. முதல் நாளே வெள்ளவத்தையில் மாமி வீட்டில் படுத்து எழும்பினேன். கணக்கு 157 இலிருந்து 165. வேர்பல் பெரிதாக அசையவில்லை, பரவாயில்லை. முடிந்தவுடன் திரையில் 'கடைசிப் பரீட்சை மட்டும்' என்ற தெரிவு வரும். அதைக் கொடுத்தால் பழைய புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போகாது. நான்கு இடங்களுக்கு அப்போதே இலவசமாக அனுப்பலாம், பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு. உள்ளே கடதாசி கொண்டுபோக விடமாட்டார்கள், நான்கு பெயரையும் பாடமாக்கிக்கொண்டு போங்கோ.