இடது கண்

குழந்தைகளுக்கான கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே படம் பார்த்தபடி ரத்தக் குழாய் வழியே இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறையில், எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் டாக்டர்கள் கதிரைத் தடுக்கும் ஈய அங்கியான லெட் ஏப்ரான் இல்லாமல் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் தைராய்டு காலரும் கட்டிக்கொள்வார்கள். கண்ணில் போடும் ஈயக் கண்ணாடி மட்டும் பல நாள் கொக்கியிலேயே தொங்கும். கனமாக இருக்கிறது, மாஸ்க் மூச்சில் பனி படர்கிறது, வேர்த்தால் வழுக்குகிறது. ஸ்டெரைல் கையுறை போட்டபின் அதைத் தூக்கிவிடவும் முடியாது. சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மைதான்.

ஒருநாள், பிடிஏ (பிறந்தபின் தானாக மூடாமல் நின்றுவிட்ட, இதயத்தருகே உள்ள ரத்தக் குழாய்) அடைக்கும் கேஸில், எங்கள் பெரிய டாக்டர் மேடம் "ஒயர் சரியா தெரியலப்பா, படத்தைப் பாரு" என்றார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ராத்திரி கார் ஓட்டினால் எதிர் வெளிச்சம் கூசுகிறது என்று அவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் கண் பரிசோதனையில், இடது கண் லென்ஸின் பின்பக்கத்தில் புரை இருப்பது தெரிந்தது. சர்க்கரை, ஸ்டீராய்டு மருந்தாலும் அந்த இடத்தில் புரை வரும். அதனால் இது கதிர்வீச்சின் வேலைதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதிர்வீச்சால் வரும் புரை பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். குழந்தையின் வலப்பக்கம், இடுப்பருகே நிற்பவருக்கு எக்ஸ்ரே விழும் மார்பு இடப்பக்கம் இருக்கும். அந்த உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் முதலில் தொடுவது இடது கண்ணை.

"சின்ன உடம்பு, கொஞ்சம் கதிர் போதுமே" என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதி சரி. பச்சிளம் குழந்தைக்குத் தொடையில் ஷீத் (கருவிகளை உள்ளே விடும் குழாய்) போடும் இடத்துக்கும் இதயத்துக்கும் ஒரு சாண்தான் தூரம். டாக்டர் குனிந்தால் முகம் மார்புக்கு மேலேயே வந்துவிடும். தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்கு. போதாததற்கு எங்களுடையது பைபிளேன், இரண்டு எக்ஸ்ரே டியூப் உள்ள கருவி. பக்கவாட்டு டியூப் நிற்கும்போது கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பைக் கொண்டுவர இடமே இருக்காது. பிறவிக் கோளாறு சிக்கலானதென்றால் கேஸ் மணிக்கணக்கில் நீளும்.

சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் கண் லென்ஸ் வாங்கும் கதிருக்கான வருட வரம்பை 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து (கதிரளவின் அலகு) 20-ஆகக் குறைக்கச் சொன்னது. அது ஐந்து வருடச் சராசரி. எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக் கூடாது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த கதிரிலேயே புரை வருகிறது என்று தெரிந்ததால் வந்த மாற்றம் இது. ஏப்ரானுக்குள் மார்பில் குத்தியிருக்கும், கதிரளவைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் கண் வாங்கியதைக் காட்டாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாக இருந்தோமே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது கேஸ் தொடங்கும் முன்பே வினாடிக்கு 15 படம் என்பதை, முடிந்த இடத்தில், 7.5-ஆக வைத்துவிடுகிறேன். எக்ஸ்ரே விழும் பரப்பை அடக்கும் காலிமேட்டரை இதயத்தை ஒட்டிக் குறுக்குகிறேன். குழந்தை வாங்குவது குறைந்தால் சிதறுவதும் குறையும். எக்ஸ்ரேயை ஓடவிடும் பெடலில் கால் தேவைக்கு மேல் நின்றால், "மேடம், ஃப்ளூரோ" (எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கிறது) என்று குரல் கொடுக்கத் தயங்குவதில்லை.

கை கழுவப் போகும் முன் சிஸ்டர் அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டு, வழுக்காமல் இருக்க மூக்கின்மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுகிறார். கேஸ் முடிந்து மேடம் அதை உரித்தால் தோல் சிவந்திருக்கும். தேய்த்துக்கொண்டே அடுத்த குழந்தையின் எக்கோவைப் பார்க்கப் போவார்.