மதகு இருக்கும் பக்கம்

வேடந்தாங்கலில் ஆறு வாரம் தங்கி, அங்கு வரும் பறவைகளைப் பார்த்து மரச்செதுக்கு அச்சோவியங்கள் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த பணி. ஏற்பாடு செய்த கலை அமைப்பு இதை ‘ரெசிடென்சி’ என்றது. எனக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மாவோ, “பறவை வரையறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க” என்று அக்கம்பக்கத்தாரிடம் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். அமைப்பு அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தைவிட அந்த ஒரு வரிதான் என் வேலையைத் தெளிவாகச் சொன்னதாக இப்போதும் நினைக்கிறேன்.

விண்ணப்பத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த திட்டம் வேறு. ஏரிக்கரையில் உதிர்ந்து கிடக்கும் இறகு, கூட்டிலிருந்து விழுந்த சுள்ளி, காய்ந்த இலை என்று கிடைப்பதையெல்லாம் சேகரித்து, அவற்றின் மீதே மை உருட்டி, காகிதத்தை வைத்து அழுத்தி அச்செடுக்கப் போவதாக எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட திட்டங்கள் தேர்வுக் குழுக்களுக்குப் பிடிக்கும். எழுதும்போதே அது எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் காலை கரையில் நடந்துகொண்டிருந்தபோது, காலடியில் சாம்பல் படிந்த வெள்ளை இறகு ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பத்தடி நடந்திருப்பேன். பின்னாலேயே வந்த வனக்காவலர், குரலை உயர்த்தாமல், “மேடம், அதை எடுத்த எடத்துலயே வெச்சிடுங்க” என்றார். கீழே விழுந்ததுதானே என்றேன். விழுந்ததும் இங்கே உள்ளதுதான் என்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்திலிருந்து உரிய அனுமதியின்றி எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் வந்தது முழுக்க என் பிழை. விண்ணப்பத்தில் எழுதிய திட்டம் அந்த இறகோடு கரையிலேயே தங்கிவிட்டது.

மிஞ்சியவை பென்சில், வரைபுத்தகம், சென்னையிலிருந்து கொண்டுபோன பலகைகள், உளிகள், உருளை, கறுப்பு மை ஆகியவை மட்டுமே. மரச்செதுக்கு என்பது எடுத்தெறியும் வேலை. உளி தோண்டிய இடத்தில் மை ஒட்டாது. அந்த இடம் காகிதத்தில் வெள்ளையாக நிற்கும். விட்டுவைத்த மரம்தான் கறுப்பாகப் பதியும். இருபது ஆண்டுகளாக இதைச் செய்துவந்தாலும், எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நின்று யோசித்தது அந்த ஏரிக்கரையில்தான்.

காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுவேன். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் உச்சிகள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் மரத்துக்கு மரம் அடுக்கு வைத்தாற்போல் கூடு கட்டியிருக்க, வக்காக்கள் இரவு வேலை முடிந்து வந்து கிளைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். இவ்வளவையும் ஒரே தாளில் அடைக்கப் பார்த்து முதல் வாரம் வீணாயிற்று. அதன் பிறகு நத்தைகுத்தி நாரையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அதன் அலகை வரைவது பார்க்கத் தோன்றுமளவு எளிதல்ல. மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும் சேர்ந்திருக்க, நடுவில் மட்டும் வாய் மூடிய பிறகும் ஓர் இடைவெளி நிற்கும். அதன் வழியே பின்னாலுள்ள வானம் தெரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நத்தையின் ஓட்டை உடைத்து நொறுக்காமல் உள்ளிருக்கும் சதையை உருவி எடுக்கும் பறவை இது. அந்த இடைவெளியைப் பலகையில் கொண்டுவர, கால் அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் V உளியை இரண்டு பக்கமிருந்தும் ஓட்டி, இரண்டு வெட்டும் சந்திக்கும் முனையில் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை தாண்டினால் அலகு உடைந்துபோகும். எனக்கு மூன்று பலகைகளில் உடைந்தது. கால்களை வெட்டும்போது இன்னொன்று பிடிபட்டது. வெயில் ஏற ஏற இந்த நாரைகள் தம் கால்களின் மீதே எச்சமிட்டு உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அதனால் நண்பகலில் கால்கள் வெளுத்துத் தெரியும். காலையில் வரைந்த கோட்டுப்படத்தில் கறுப்பாக நின்ற கால்களை, நண்பகல் காட்சிக்கான பலகையில் முழுக்கத் தோண்டி வெள்ளையாக்கினேன்.

அச்சு எந்திரம் இல்லாததால் காகிதத்தைப் பலகை மேல் விரித்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துத்தான் அச்செடுத்தேன். கரண்டிவாயனைக் கரண்டியால் தேய்த்து உண்டாக்குகிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த ஆறு வாரத்தில் என் நகைச்சுவைக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அது.

மூன்றாம் வாரத்தில் ஏரி முழுவதையும் காட்டும் பெரிய பலகை ஒன்று முடிந்தது: முன்னால் கரை, கரையின் ஓரத்தில் மதகு, நடுவில் மரங்கள், மேலே திரும்பிவரும் நாரைக் கூட்டம். ஈரம் காய்வதற்காகத் திண்ணையில் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்த முதல் பிரதியை, வயலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். பறவைகளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“ஏம்மா, மதகு அந்தாண்ட இல்ல இருக்கு? நீ இந்தாண்ட போட்டிருக்கியே?”

அச்சில் எல்லாமே இடம் வலமாக மாறித்தான் விழும் என்று விளக்கினேன். கோட்டுப்படத்தை மெழுகுத்தாளில் எடுத்துத் திருப்பிப்போட்டுப் பலகையில் பதித்தால் அச்சு சரியாக வரும். இது பள்ளி மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். நாரை எந்தப் பக்கம் பார்த்துப் பறந்தால் என்ன என்ற எண்ணத்தில் நான் அதைச் செய்யவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ தண்ணி எங்க வயலுக்கு வராதே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் ஏரிக்குள் பார்ப்பதை விட்டுக் கரையின் மறுபக்கம் இறங்கினேன். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நீர்நிலை, முதலில் ஒரு பாசன ஏரி; பறவைகளுக்காக யாரும் வெட்டியது அல்ல. எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு உரமாகின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்க ‘கவுல்’ என்னும் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். 1858இல் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. இந்த வரலாற்றை நான் முன்பே படித்திருந்தேன். ஊராரின் கருணைக்குச் சான்றாகவே அதை மனத்தில் வைத்திருந்தேன். கருணை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மதகைப் பார்த்த பிறகு, அது தன் வயலையும் தன் தண்ணீரையும் அறிந்தவர்கள் போட்ட கணக்கும்கூட என்று விளங்கிற்று. அந்தக் கணக்கு என் மதிப்பில் கருணையைக் குறைக்கவில்லை, உறுதியாக்கியது.

பறவைகளின் பக்கமிருந்து பார்த்தாலும் படம் ஏரியோடு முடியவில்லை. கூடு ஏரியில் இருந்தாலும், நத்தைகுத்திக்கு இரை கிடைப்பது சுற்றியுள்ள வயல்களிலும் சிற்றேரிகளிலும்தான். 1998இல் வெளியான அறிவிக்கை, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு உட்பட்ட பகுதியையும் சரணாலயமாக்கியதன் பொருள் அந்த நடவு வயலில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. 2020இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனைக்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2022இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. செய்திகளாக வாசித்தபோது எல்லை என்பது வரைபடத்தில் ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. வயலில் நின்றபோது, நாற்றுக்கட்டைத் தோளில் சுமந்துபோகும் பெண்ணுக்கு இருபதடி தள்ளி, சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த நாரை அந்த வட்டத்துக்குள் இருந்தது.

புதிய பலகையை இம்முறை திருப்பிப்போட்டே தொடங்கினேன். கரையைத் தாளின் நடுவுக்கு ஏற்றி, மேல்பாதியை ஏரிக்கும் கீழ்ப்பாதியை வயலுக்கும் கொடுத்தேன். வானில் பறந்த கூட்டத்தைப் பாதிக்குமேல் குறைத்துவிட்டு, வயலில் மேயும் நாரைகள் நான்கைப் பெரிதாகச் செதுக்கினேன். இதைப் பார்வையிட வந்த அமைப்பின் பொறுப்பாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பறவைகள் போதவில்லை என்று அவர் கருதியது முகத்தில் தெரிந்தது. இயற்கையை வைத்துக் கலைப்பணி தருகிற அமைப்புகள் பலவும், மனிதர் இல்லாத இயற்கையைத்தான் கண்காட்சிச் சுவரில் எதிர்பார்க்கின்றன என்பது என் அனுபவம். நான் வாதாடவில்லை, பலகை ஏற்கெனவே வெட்டியாயிற்று, வெட்டியதை ஒட்டவைக்க முடியாது என்று மட்டும் சொன்னேன்.

கடைசி வாரம் ஊர்க்காரர்களுக்காக ஒரு மாலை படங்களை வைத்தோம். அமைப்பினர் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார்கள். கூடு வைத்திருக்கும் நேரத்தில் மைக் எதற்கு என்று ஊரிலிருந்து ஒருவர் கேட்டார். ஒலிபெருக்கி வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இங்கே அப்படி யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை, மைக் வேண்டாம் என்றதோடு சரி. பேச வேண்டியதை ஒவ்வொரு படத்தின் அருகிலும் நின்று சாதாரணக் குரலில் பேசினேன்.

பெரியவரும் வந்திருந்தார். புதிய படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, மதகு சரியான பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குனிந்து பார்த்து, “தொறந்திருக்கா, மூடியிருக்கா?” என்றார். நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. மதகின் வாயை இருட்டாக, மரத்தை அப்படியே விட்டுவிட்டிருந்தேன். நவரைப் பருவ நெல் நடவு நடக்கும் நேரத்தில் மதகு மூடியிருக்கலாமா என்று அவர் கேட்கவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

அன்றிரவு அறைக்குத் திரும்பியதும் பலகையை மடியில் வைத்து, U உளியால் மதகின் வாயிலிருந்து வரப்பு வரைக்கும் ஒரே வெட்டாக ஒரு கோடு இழுத்தேன். அதற்குள், இந்தப் பலகையிலிருந்து எடுக்கவிருந்த 15 பிரதிகளில் நான்கை அச்செடுத்து எண்ணிட்டுக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆகவே அந்த வரிசையில் முதல் நான்கில் தண்ணீர் இல்லை; மற்ற பதினொன்றில் உண்டு. பெரியவருக்கு ஐந்தாவது பிரதியைக் கொடுத்தேன்.