முதல் பேஸ் ஏன் வலப்பக்கம் இருக்கிறது?

என் மகளுக்கு 9 வயது, இடக்கைப் பழக்கம். போன மாதம் பேஸ்பால் பயிற்சி முடிந்து காரில் ஏறியவள், சீட் பெல்ட்டைக்கூடப் போடாமல், "அப்பா, நான் ஏன் ஷார்ட்ஸ்டாப்ல நிக்கக் கூடாது?" என்று கேட்டாள். இடக்கையால் எறிகிறவர்களுக்கு அந்த ஃபீல்டிங் இடம் சரிப்படாது என்று கோச் சொல்லிவிட்டாராம். முகம் வாடிப்போய் இருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது புரியவே இல்லை, ஏனென்றால் அங்கே பாயின்ட்டில் நிற்கிறவர் எந்தக் கையால் எறிகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றது: பேஸ்பாலில் எல்லாரும் இடஞ்சுழியாக ஓடுகிறார்கள், அதனால்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. சாய்த்து வைத்த சதுரம், நான்கு மூலை, ஒவ்வொரு மூலையும் ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸ், ஒரு மூலையிலிருந்து அடுத்ததற்கு 90 அடி (சின்னப் பிள்ளைகளுக்கு 60). பேட்டர் ஹோம் பிளேட்டில் நின்று அடித்துவிட்டுத் தன் வலப்பக்கம் இருக்கும் முதல் பேஸுக்கு ஓடுவார், அப்புறம் இரண்டு, மூன்று, மறுபடி ஹோம். கோயில் பிரகாரத்தை நாம் வலம் வருகிற திசைக்கு நேர் எதிர்.

நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சியிலேயே, ஹோபோக்கனில், இந்த ஆட்டத்தின் ஆரம்ப நாட்களில் நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப் ஆடியிருக்கிறது. அவர்கள் 1845-இல் எழுதி வைத்த விதிகளில் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் வேறொன்று இருக்கிறது: ஓடுகிறவன் மேல் பந்தை எறியக் கூடாது. அதற்கு முன்பு பல ஊர்களில் பையன்கள் ஆடிய ஆட்டத்தில், ஓடுகிறவன் முதுகில் பந்தால் அடித்தால் அவன் அவுட். அது போனதும், பந்தைப் பேஸுக்கு எறிந்து ஆளை முந்துவதுதான் ஆட்டத்தின் உயிர் என்று ஆகிவிட்டது. எறிகிறவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். திசை எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும் சரி, அது இத்தனை காலம் அசையாமல் நிற்பதற்கு இந்த எறிதல்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். ஹோமைப் பார்த்து நிற்கும் அவருக்கு முதல் பேஸ் இடப்பக்கம். வலக்கைக்காரருக்குக் கையுறை இடக்கையில் இருக்கும். பந்து தரையோடு உருண்டு வருகிறது, குனிந்து அள்ளுகிறார், வலக்காலை ஊன்றுகிறார், இடத்தோள் ஏற்கெனவே முதல் பேஸைப் பார்த்துத்தான் இருக்கிறது, அப்படியே எறிந்துவிடலாம். இடக்கைக்காரருக்கு வலத்தோள் அந்தப் பக்கம் போக வேண்டும், அதற்கு உடம்பையே திருப்பிக் காலை மாற்றி வைத்தாக வேண்டும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் பெரிய லீக்கில் சராசரி வலக்கை பேட்டர் முதல் பேஸைத் தொட 4.3 வினாடிதான் ஆகிறது, அதில் கண் இமைக்கும் நேரம் என்பது ஓடுகிறவர் எடுத்து வைக்கும் ஓர் எட்டு. அந்த ஓர் எட்டில் அவுட் தப்பிவிடும்.

அதே திசை பேட் பிடிக்கும்போது இடக்கைக்குச் சாதகமாகிவிடுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இடக்கை பேட்டர் நிற்பதே முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு பக்கத்தில். பேட்டைச் சுழற்றிய வேகமும் அவரை அந்தப் பக்கமாகவே தள்ளும். ஜப்பான் வீரர் இச்சிரோ சுசுகி எறிவது வலக்கையால், பேட் பிடிப்பது இடக்கையால். 2004-இல் அவர் அடித்த 262 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவதுதான் ஹிட்) பெரிய லீக்கில் ஒரே சீசனுக்கான சாதனை. 1920-இலிருந்து நின்ற ஜார்ஜ் சிஸ்லரின் 257-ஐ அது தாண்டியது. அடித்து முடிப்பதற்கு முன்பே அவர் கால் ஓட ஆரம்பித்துவிடும், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

திசை மாறினால் என்ன ஆகும் என்று கேட்டால் ஃபின்லாந்தைப் பார்க்கலாம். லௌரி பிஹ்கலா என்பவர் 1920-களில் உருவாக்கிய, பேஸ்பால் போன்ற பெசபல்லோ அவர்களின் தேசிய விளையாட்டு. அதில் முதல் பேஸ் பேட்டருக்கு இடப்பக்கம், இரண்டாவது எதிரே வலப்பக்கம், மூன்றாவது திரும்ப இடப்பக்கம். குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறார்கள், ஆட்டம் நன்றாகவே நடக்கிறது.

அமெரிக்காவிலேயே பின்னோக்கி ஓடியவரும் உண்டு. 1911 ஆகஸ்டில் வாஷிங்டன் அணிக்கு ஆடிய ஜெர்மனி ஷேஃபர் என்ற வீரர் முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் திருடினார், அதாவது பேட்டர் அடிக்கக் காத்திராமல் ஓடிப் பிடித்தார். பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் தன்னைப் பிடிக்க எறிவார், அந்தச் சாக்கில் மூன்றாவதில் நிற்கும் தோழர் ஹோமுக்கு ஓடிவிடலாம் என்பது கணக்கு. கேட்சர் எறியவில்லை. ஷேஃபர் திரும்ப முதல் பேஸுக்கே ஓடிவந்து அதைத் திருடினார், மறுபடி முயன்று பார்க்க! 1920-இல் இதைத் தடுத்து விதி வந்தது. என் மகளுக்கு இந்தக் கதையை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இடக்கைக்காரர் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பெரிய லீக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஓர் எட்டு முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். 9 வயதுப் பிள்ளைகளை எல்லா இடத்திலும் நிற்கவிட வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோச்சிடமும் பணிவாகச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

போன ஞாயிறு நாங்கள் இருவரும் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் நான்கு செருப்புகளைப் பேஸாகப் போட்டு, ஆட்டத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினோம். மூன்றாவது இருக்கும் இடத்தில் முதல் பேஸ். அவள் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றாள். நான் பந்தை உருட்டிவிட்டேன். குனிந்தாள், அள்ளினாள், ஒரே அசைவில் எறிந்தாள், பந்து நேராகச் செருப்பைத் தாண்டிப் போனது. அடுத்து என் முறை. பந்து கைக்கு வந்ததும் எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்பைத் திருப்பி எறிந்தேன், அது பாதி தூரத்தில் விழுந்தது. "அப்பா, இன்னொரு தடவை" என்று பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.