அடக்கம் நடந்த அன்றே ஒரு கல்யாணம்

நேற்று இரவு ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ மறுபடி பார்த்தேன். 2003-இல் ஹால்மார்க் சேனலுக்காக மைக்கேல் லாண்டன் ஜூனியர் எடுத்த தொலைக்காட்சிப் படம். ஜேனட் ஓக் 1979-இல் எழுதிய நாவல்தான் மூலம்.

கூண்டு வண்டியில் புருஷனோடு அமெரிக்காவின் மேற்கே நிலம் தேடி வருகிறாள் மார்ட்டி. வந்த கொஞ்ச நாளிலேயே குதிரையிலிருந்து விழுந்து அவன் இறந்துபோகிறான். அடக்கம் நடந்த அன்றே கிளார்க் என்ற அந்நியன் வந்து கேட்கிறான்: மகள் மிஸ்ஸிக்குத் தாய் வேண்டும், குளிர்காலம் முடியும்வரை பெயருக்கு மனைவியாக இரு, வசந்தத்தில் ஊர் திரும்ப வண்டிக் கூலி தருகிறேன். வேறு போக்கிடம் இல்லாமல் சம்மதிக்கிறாள். அவன் தொழுவத்தில் படுத்துக்கொள்கிறான். அப்புறம்தான் தெரிகிறது, அவள் வயிற்றில் இறந்தவனின் பிள்ளை.

மனைவியைப் பறிகொடுத்தும் இவன் எப்படி ஜெபிக்கிறான் என்று மார்ட்டிக்குப் புரியவில்லை. ‘நான் பக்கத்தில் நடந்தாலும் மிஸ்ஸி விழுந்து அடிபடலாம். அதற்காக நான் விழவைத்தேன் என்று ஆகாது. ஆனால் அப்பா தூக்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும்’ என்கிற மாதிரி சொல்வான். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். என் அப்பா இறந்தபோது வந்தவர்கள் எல்லாம் ‘கர்த்தருடைய சித்தம்’ என்றுதான் சொன்னார்கள். யாராவது ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அன்று எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ட்டியாக வரும் கேத்ரின் ஹைகலின் நடிப்பும் அவ்வளவு உண்மை. 2004-இல் வந்த அடுத்த பாகத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவோடு பார்க்கப் போகிறேன்.